கடிதத்தில் அறுபதாயிரம், கைக்கு வருவது எவ்வளவு? எக்செல்லில் நீங்களே கணக்குப் போடலாம்!

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தால் முதல் மாதம் படம் பார்ப்போம், பாட்டுக் கேட்போம், வெளியூரில் இருக்கும் உறவினர்களுடன் வீடியோவில் பேசுவோம். அடுத்த மாதம் வீட்டில் உள்ள பெரியவர்கள் கேட்பார்கள்: "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதனால் உருப்படியாக ஏதாவது கணக்கு வழக்குப் பார்க்க முடியுமா?" முடியும். பார்க்க வேண்டிய முதல் கணக்கு, அந்த வீட்டுக்கு வரும் சம்பளக் கணக்குதான்.

கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு என்று எந்தப் பக்கம் போனாலும் சாப்ட்வேர் நிறுவனங்கள் இருக்கின்றன. கோபி, அன்னூர், பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத்துப் பிள்ளைகள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்கிறார்கள். வேலைக்கான கடிதம் வந்ததும் குடும்பமே அதைப் படிக்கிறது. "வருடம் ஏழு லட்சத்து இருபதாயிரம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் அறுபதாயிரம்!" உடனே வீட்டுக் கடன், கார் கடன், தங்கையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்த அறுபதாயிரத்தை நம்பித் திட்டமிடப்படுகின்றன. முதல் மாதம் வங்கிக் கணக்கில் நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் விழும்போதுதான் குழப்பம் ஆரம்பமாகிறது. "வருமான வரியாகவே பதினைந்தாயிரம் பிடித்துவிட்டார்களா?" என்று அப்பா கேட்கிறார். பிள்ளைக்கும் பதில் தெரியவில்லை.

உண்மையில் அதில் வருமான வரி ஒரு ரூபாய்கூட இல்லை. எப்படி என்று பார்ப்போம். பார்த்துக்கொண்டே எக்செல்லும் கற்றுக்கொள்வோம்.

சி.டி.சி. என்றால் என்ன?

திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்குக் கணக்கு எளிது. எத்தனை பீஸ் தைத்தோம், ஒரு பீஸுக்கு எவ்வளவு என்று பெருக்கினால் சனிக்கிழமைச் சம்பளம் தெரிந்துவிடும். சாப்ட்வேர் நிறுவனத்தின் கடிதம் அப்படி இல்லை. அதில் பெரிய எழுத்தில் இருப்பது சி.டி.சி., அதாவது 'காஸ்ட் டு கம்பெனி'. உங்களை வேலையில் வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆண்டு முழுவதும் ஆகும் மொத்தச் செலவு இது. உங்கள் கைக்கு வரும் தொகை இதில் ஒரு பகுதிதான்.

ஓர் உதாரணக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு சி.டி.சி. 7,20,000 ரூபாய். மாதக் கணக்கில் அதன் பிரிவுகள் இவை:

அடிப்படைச் சம்பளம் (பேசிக்): 30,000
வீட்டு வாடகைப் படி: 12,000
ஸ்பெஷல் அலவன்ஸ்: 7,457
நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு: 3,600
கிராஜுவிட்டி ஒதுக்கீடு: 1,443
குழு மருத்துவ இன்சூரன்ஸ்: 500
ஆண்டு ஊக்கத்தொகை (ஆண்டுக்கு 60,000): 5,000
மொத்தம்: 60,000

இவற்றில் முதல் மூன்று மட்டுமே மாதச் சம்பளம். கூட்டினால் 49,457 ரூபாய். இதற்கு கிராஸ் சம்பளம் என்று பெயர். இதிலிருந்து ஊழியரின் பங்காக இன்னொரு 3,600 ரூபாய் பி.எஃப். பிடிக்கப்படும். மீதி 45,857 ரூபாய். இதுதான் கைக்கு வருவது.

அறுபதாயிரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 14,143 ரூபாய். அது எங்கே போனது?

ஊக்கத்தொகை 5,000: இது ஆண்டு முடிவில் மொத்தமாக வரும். உங்கள் வேலைத்திறனையும் நிறுவனத்தின் லாபத்தையும் பொறுத்துக் கூடலாம், குறையலாம். மாதத் தவணைக்கு இதை நம்பக்கூடாது.

பி.எஃப். இரண்டு பங்கும் சேர்ந்து 7,200: இது உங்கள் பணம்தான். உங்கள் பெயரில் சேர்கிறது. 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் 8.25 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது.

கிராஜுவிட்டி 1,443: நிரந்தர ஊழியர் பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றினால்தான் இது கிடைக்கும். இரண்டாம் ஆண்டே வேறு நிறுவனத்துக்கு மாறினால் இந்தத் தொகையை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்சூரன்ஸ் 500: குடும்பத்துக்கு மருத்துவப் பாதுகாப்பு. பணமாக வராது.

இத்துடன் தொழில் வரி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இதை மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவின்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. அதிகபட்சத் தொகையே பிடித்தாலும் அரையாண்டுக்கு 1,250 ரூபாய். அந்த மாதம் மட்டும் கைக்கு 44,607 ரூபாய் வரும். 'இந்த மாதம் ஏன் குறைந்தது?' என்று பதற வேண்டாம்.

மில், பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்கு

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்ற சொற்கள் கொங்கு நாட்டுக்குப் புதியவை அல்ல. பி.எஃப். சட்டம் 1952-இல் வந்தது. தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததே கோவையில்தான், 1955-இல். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையைத் தெரியாத மில் தொழிலாளர் குடும்பம் இங்கே இருக்காது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். 18,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளியிடம் 135 ரூபாய் பிடித்து, நிர்வாகம் 585 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். உங்கள் சீட்டில் ஈ.எஸ்.ஐ. இருந்தால் கீழே சொல்லும் ஷீட்டில் அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்

உங்களிடம் மைக்ரோசாப்ட் எக்செல் இருந்தால் அதைத் திறங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள 'கால்க்' என்ற புரோகிராம் இந்த வேலைக்குப் போதும். கூகுள் ஷீட்ஸிலும் செய்யலாம்.

திறந்ததும் கட்டம் கட்டமாக ஒரு பக்கம் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் 'செல்' என்று பெயர். மேலே ஆங்கில எழுத்துக்களும் இடப்பக்கம் எண்களும் இருக்கும். இரண்டாவது நெடுவரிசையில் ஏழாவது கட்டம் என்றால் அதன் பெயர் பி7. இங்கே செல் பெயர்களையும் பார்முலாக்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நீங்கள் கீபோர்டில் அதற்குரிய ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். எண்களை அடிக்கும்போது 'ரூ.' என்றோ நடுவில் காற்புள்ளியோ போடாதீர்கள். 30000 என்று மட்டும் அடியுங்கள். 'ரூ. 30000' என்று அடித்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கணக்கு வராது. அடுத்து, எந்த பார்முலாவும் சமக்குறியில்தான் தொடங்க வேண்டும்.

ஏ நெடுவரிசையில் பெயர், பி நெடுவரிசையில் தொகை என்று வரிசையாக அடியுங்கள்:

ஏ1: அடிப்படைச் சம்பளம். பி1: 30000
ஏ2: வீட்டு வாடகைப் படி. பி2: 12000
ஏ3: ஸ்பெஷல் அலவன்ஸ். பி3: 7457
ஏ4: கிராஸ் சம்பளம். பி4: =பி1+பி2+பி3
ஏ5: பி.எஃப். பிடித்தம். பி5: =பி1*12%
ஏ6: ஆண்டு ஊக்கத்தொகை. பி6: 60000
ஏ7: ஆண்டு வருமானம். பி7: =பி4*12+பி6
ஏ8: நிலையான கழிவு. பி8: 75000
ஏ9: வரிக்குரிய வருமானம். பி9: =பி7-பி8

ஒவ்வொன்றையும் அடித்ததும் என்டர் தட்டுங்கள். பி4-இல் 49457, பி7-இல் 653484, பி9-இல் 578484 என்று வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

பி5-ஐப் பற்றி ஒரு குறிப்பு. சில நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளம் முழுவதற்கும் 12 சதவீதம் பிடிப்பார்கள். வேறு சில நிறுவனங்கள் 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் கணக்கிட்டு 1,800 ரூபாய் பிடிப்பார்கள். உங்கள் சம்பளச் சீட்டில் என்ன இருக்கிறதோ அதை அடியுங்கள்.

வரிப் படிக்கட்டு

இனி வருமான வரி. 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறையில் உள்ள விகிதங்கள் இவை:

4 லட்சம் வரை: வரி இல்லை
4 முதல் 8 லட்சம் வரை: 5 சதவீதம்
8 முதல் 12 லட்சம் வரை: 10 சதவீதம்
12 முதல் 16 லட்சம் வரை: 15 சதவீதம்
16 முதல் 20 லட்சம் வரை: 20 சதவீதம்
20 முதல் 24 லட்சம் வரை: 25 சதவீதம்
24 லட்சத்துக்கு மேல்: 30 சதவீதம்

பலர் நினைப்பது போல 13 லட்சம் வருமானம் என்றால் 13 லட்சத்துக்கும் 15 சதவீதம் கிடையாது. ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்குள் விழும் தொகைக்கு மட்டுமே அந்தப் படியின் விகிதம். இன்கிரிமென்ட் வந்து அடுத்த படிக்குப் போய்விட்டால் சம்பளமே குறைந்துவிடும் என்ற பயம் தேவையற்றது.

இந்தப் பட்டியலை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் விகிதம் சரியாக 5 சதவீதம் கூடுகிறது. இதனால் பார்முலா மிகவும் சுலபமாகிவிடுகிறது. 4 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு 5 சதவீதம், 8 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு இன்னொரு 5 சதவீதம், 12 லட்சத்துக்கு மேல் உள்ளதற்கு இன்னொரு 5 என்று கூட்டிக்கொண்டே போனால் போதும்.

ஏ10 முதல் ஏ15 வரை 400000, 800000, 1200000, 1600000, 2000000, 2400000 என்று அடியுங்கள். பிறகு பி10-இல் இதை அடியுங்கள்:

=மேக்ஸ்(0,$பி$9-ஏ10)*5%

மேக்ஸ் என்பதற்கு எம், ஏ, எக்ஸ் என்ற மூன்று எழுத்துக்கள். இரண்டு எண்களில் பெரியதை எடுத்துத் தரும். வருமானம் படியைவிடக் குறைவாக இருந்தால் கழித்தல் விடை மைனஸில் வரும். அப்போது பூஜ்யத்தையே எடுத்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறோம். (உங்கள் கம்ப்யூட்டர் காற்புள்ளியை ஏற்காவிட்டால் அந்த இடத்தில் அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள்.)

டாலர் குறி எதற்கு? பி10-ஐ க்ளிக் செய்தால் அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு புள்ளி தெரியும். அதன்மேல் மவுஸை வைத்து அழுத்தியபடியே பி15 வரை இழுத்து விடுங்கள். பார்முலா ஆறு கட்டங்களுக்கும் காப்பி ஆகிவிடும். அப்படிக் காப்பி ஆகும்போது ஏ10 என்பது ஏ11, ஏ12 என்று தானாக மாறும். ஆனால் வருமானம் இருக்கும் பி9 மாறக்கூடாது. அதைக் கட்டிப்போடும் கயிறுதான் டாலர் குறி.

பி16: =சம்(பி10:பி15)

சம் என்பது எஸ், யு, எம். ஆறு கட்டங்களையும் கூட்டும். நம் உதாரணத்தில் 8924.2 என்று வரும். 'அப்படியானால் வரி உண்டே?' என்கிறீர்களா? பொறுங்கள்.

பன்னிரண்டு லட்சம் வரை தள்ளுபடி

புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், கணக்கிட்ட வரி முழுவதும் தள்ளுபடி. அதிகபட்சத் தள்ளுபடி 60,000 ரூபாய். நிலையான கழிவு 75,000-ஐயும் சேர்த்தால், சம்பளம் மட்டுமே உள்ளவர்களுக்கு 12,75,000 வரை வரி இல்லை. பங்கு விற்ற லாபம் போன்று தனி விகிதத்தில் வரி போடும் வருமானங்களுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

12 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினால் அறுபதாயிரமும் கட்ட வேண்டுமா? இல்லை. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பாதித்தீர்களோ, வரி அதற்கு மேல் போகக்கூடாது என்று ஒரு சலுகை இருக்கிறது. தள்ளுபடி, சலுகை இரண்டையும் ஒரே பார்முலாவில் கொண்டுவந்துவிடலாம்:

பி17: =மின்(பி16,மேக்ஸ்(0,பி9-1200000))

மின் என்பது எம், ஐ, என். இரண்டில் சிறியதை எடுக்கும். மீதி வரிகள்:

பி18: =பி17*4% (செஸ்)
பி19: =பி17+பி18 (ஆண்டு வரி)
பி20: =பி4-பி5-பி19/12 (மாதம் கைக்கு வருவது)

நம் உதாரணத்தில் பி19-இல் பூஜ்யம், பி20-இல் 45857.

ஷீட் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க பி7-இல் தற்காலிகமாக 1285000 என்று அடியுங்கள். பி16-இல் 61500, பி17-இல் 10000, பி19-இல் 10400 வர வேண்டும். பார்த்த பிறகு கண்ட்ரோல் கீயையும் இசட் கீயையும் சேர்த்து அழுத்தினால் பழைய பார்முலா திரும்பிவிடும். 50 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு சர்சார்ஜ் உண்டு. அது இந்த ஷீட்டில் இல்லை.

பழைய முறையா, புதிய முறையா?

2023-24 முதல் புதிய முறைதான் இயல்பானது. நீங்கள் நிறுவனத்திடம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைப்படியே மாதாமாதம் வரி பிடிப்பார்கள். பழைய முறையில் எல்.ஐ.சி., பி.எஃப். போன்ற சேமிப்புகளுக்கு 1,50,000, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2,00,000, வாடகைப் படிச் சலுகை என்று பல கழிவுகள் உண்டு. புதிய முறையில் இவை இல்லை. வாடகைச் சலுகைக் கணக்கில் சென்னை போன்ற பெருநகரங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், கோவைக்கு 40 சதவீதம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எது லாபம் என்பதையும் எக்செல்லே சொல்லும். கீழே உள்ள ஷீட்டின் பெயர்மீது மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'மூவ் ஆர் காப்பி' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'கிரியேட் ஏ காப்பி' என்பதில் டிக் செய்து ஓகே கொடுங்கள். இரண்டாவது ஷீட் வந்துவிடும். அதில் ஏ10, ஏ11, ஏ12-இல் 250000, 500000, 1000000 என்று மாற்றுங்கள். 13 முதல் 15 வரையுள்ள வரிகளை அழித்துவிடுங்கள். பி11-இல் 5%-ஐ 15% என்றும், பி12-இல் 10% என்றும் மாற்றுங்கள். பழைய முறையின் 5, 20, 30 சதவீதப் படிகள் இப்படித்தான் வருகின்றன. பி17-இல் =இஃப்(பி9<=500000,0,பி16) என்று அடியுங்கள். இஃப் என்பது ஐ, எஃப். பி8-இல் உங்கள் கழிவுகளின் மொத்தத்தைப் போடுங்கள். இதன் படிகள் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானவை. பழைய முறையில் 60 வயது நிறைந்தவர்களுக்கு முதல் படி 3 லட்சம்.

15 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஷீட்டிலும் பி7-இல் 1500000. பழைய முறை ஷீட்டில் நிலையான கழிவு 50,000, சேமிப்பு 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, தொழில் வரி 2,500, ஆக பி8-இல் 402500. பழைய முறையில் ஆண்டு வரி 1,47,420 ரூபாய். புதிய முறையில் 97,500 ரூபாய். இத்தனை கழிவு காட்டியும் புதிய முறையே 49,920 ரூபாய் லாபம்! இவருக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமானால் மொத்தக் கழிவு 5,93,750 ரூபாயைத் தாண்ட வேண்டும்.

இதிலிருந்து ஒரு பாடம். 'வரி மிச்சமாகும்' என்று சொல்லி மார்ச் மாதத்தில் யாராவது ஒரு பாலிசியை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் அந்தத் தொகையை ஷீட்டில் போட்டுப் பாருங்கள். பி19 மாறாவிட்டால் அந்த பாலிசியால் உங்களுக்கு வரி மிச்சம் இல்லை.

கடன் வாங்கும் முன்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 20 லட்சம் வீட்டுக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. தவணை எவ்வளவு? காலியான ஒரு செல்லில் இதை அடியுங்கள்:

=பிஎம்டி(8.5%/12,240,-2000000)

பி, எம், டி என்ற மூன்று எழுத்துக்கள். விடை ஏறக்குறைய 17,356 ரூபாய். 60,000-இல் இது 29 சதவீதம்தான், சுலபம் என்று தோன்றும். ஆனால் உண்மையில் கைக்கு வரும் 45,857-இல் இது ஏறக்குறைய 38 சதவீதம். தவணை போக மீதி 28,501 ரூபாய். வெளியூரில் தங்கி வேலை செய்பவர் என்றால் அறை வாடகை, மெஸ், பஸ் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கிரெடிட் கார்டுதான். தோட்டத்தை அடமானம் வைத்துப் படிக்கவைத்த குடும்பத்தில் கல்விக் கடனும் இதோடு சேர்ந்துகொள்ளும். கணக்குப் போடாமல் வாக்குக் கொடுத்தால் இருபது வருடம் இழுக்கும்.

தலைகீழாகவும் கேட்கலாம். 'மாதம் கைக்கு 50,000 வேண்டும். சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும்?' இதற்கு எக்செல்லில் 'கோல் சீக்' என்ற வசதி இருக்கிறது. டேட்டா டேபில் 'வாட் இஃப் அனாலிசிஸ்' என்பதை க்ளிக் செய்தால் கிடைக்கும். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. எக்செல்லில் முதல் பெட்டியில் பி20, இரண்டாவதில் 50000, மூன்றாவதில் பி3 என்று கொடுத்து ஓகே செய்யுங்கள். ஸ்பெஷல் அலவன்ஸ் 11600 என்று மாறும். அதாவது மாதம் 4,143 ரூபாய், ஆண்டுக்கு 49,716 ரூபாய் கூடுதலாகக் கேட்க வேண்டும். 'சார், கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க' என்று கேட்பதைவிட எண்ணோடு கேட்பது நல்லது.

இரண்டு கடிதங்கள் கையில் இருந்தாலும் இதே முறைதான். சி.டி.சி. அதிகமாக இருக்கும் கடிதத்தில் ஊக்கத்தொகையே பெரும் பகுதியாக இருந்தால், சி.டி.சி. குறைந்த கடிதம் மாதாமாதம் அதிகம் தரக்கூடும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஷீட்டில் போட்டு பி20-ஐ ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றாலும் இதே கேள்விகள்தான். படிகளும் பெயர்களும் மட்டும் மாறும். கரீபியன் தீவுகளில் ஜமைக்காவில் வருமான வரி 25 சதவீதம், 60 லட்சம் ஜமைக்கா டாலருக்கு மேல் 30 சதவீதம். அதோடு வீட்டுவசதி நிதி 2 சதவீதம், கல்வி வரி 2.25 சதவீதம், தேசிய இன்சூரன்ஸ் என்று தனித்தனியாகப் பிடிப்பார்கள். டிரினிடாட் டொபேகோவில் 2023 முதல் ஆண்டுக்கு 90,000 உள்ளூர் டாலர் வரை தனிநபர் கழிவு. பக்கத்திலேயே கேமன் தீவுகளில் வருமான வரியே கிடையாது. ஆகவே அந்நியப் பணத்தில் பெரிய தொகையைப் பார்த்ததும் ரூபாயில் பெருக்கிவிடாதீர்கள். முதலில் அந்த நாட்டின் பிடித்தங்களை ஷீட்டில் போடுங்கள்.

பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

சம்பளத்தில் பிடித்தால் மட்டும் போதாது. அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இதையும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் தருவார்கள். வேலை மாறினாலும் எண் மாறாது. பி.எஃப். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பாஸ்புக்கைத் திறந்தால் மாதாமாதம் இரண்டு பங்கும் வரவாகியிருக்கிறதா என்று தெரியும்.

வருமான வரித் துறையின் இணையதளம் 2021 ஜூனில் புதுப்பிக்கப்பட்டது. அதில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு பதிவு செய்து நுழைந்தால் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டு அறிக்கை கிடைக்கும். சம்பளம், வங்கி வட்டி, பிடித்த வரி எல்லாம் அதில் இருக்கும். இறக்கிய பி.டி.எஃப். ஃபைல் பாஸ்வேர்டு கேட்டால் பான் எண்ணைச் சிறிய எழுத்துக்களில் அடித்து, தொடர்ந்து பிறந்த தேதியை நாள், மாதம், வருடம் என்று எட்டு இலக்கங்களில் அடியுங்கள். திறந்துவிடும். அதே தளத்தில் வரி கால்குலேட்டரும் உண்டு. நம் ஷீட்டின் விடையை அதனுடன் ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

ஜாக்கிரதை! 'உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கிறது, இங்கே க்ளிக் செய்யவும்' என்று மெயிலோ எஸ்.எம்.எஸ்.ஸோ வந்தால் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். பிரவுசரில் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். அரசுத் தளத்தின் பெயர் 'ஜி ஓ வி டாட் இன்' என்று முடிய வேண்டும். ஓ.டி.பி., கார்டு எண், பாஸ்வேர்டு ஆகியவற்றை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இனி வரும் மாற்றங்கள்

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இவற்றின்படி, ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தை மிகக் குறைவாக வைத்திருந்த இடங்களில் கிராஜுவிட்டி போன்றவை கூடலாம். பி.எஃப். பிடித்தமும் கூடினால் கைக்கு வருவது அந்த அளவுக்குக் குறையும். புதுச் சம்பளச் சீட்டு வந்ததும் பி1 முதல் பி5 வரை திருத்திக்கொள்ளுங்கள்.

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருவதாக இயற்றப்பட்டது. பிரிவு எண்கள் மாறுகின்றன. 'வரி ஆண்டு' என்ற சொல்லும் அதில் வருகிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் பட்ஜெட் வந்ததும் ஏ10 முதல் ஏ15 வரை உள்ள படிகள், விகிதங்கள், பி8, பி17-இல் உள்ள 1200000 ஆகியவற்றை மட்டும் சரிபார்த்தால் போதும். மற்ற பார்முலாக்கள் அப்படியே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஃபைலை 'சம்பளம்' என்ற பெயரில் சேவ் செய்யுங்கள். குடும்பக் கணக்கு என்பதால் பாஸ்வேர்டு போடுவது நல்லது. எக்செல்லில் ஃபைல் மெனுவில் 'இன்ஃபோ', அதில் 'புரொடெக்ட் ஒர்க்புக்', அதில் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு'. லிப்ரே ஆபீஸில் சேவ் செய்யும் பெட்டியிலேயே 'சேவ் வித் பாஸ்வேர்டு' என்பதில் டிக் செய்தால் போதும். பாஸ்வேர்டை மறந்துவிட்டால் ஃபைல் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அடுத்த முறை வீட்டில் யாராவது கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப் போனால், முதலில் இந்த ஃபைலைத் திறந்து பி20-ஐக் காட்டுங்கள்.